கீமோ களைப்பா, மனச்சோர்வா? தோட்டத்து வீடுகளுக்குப் போகும் தாதி எப்படிப் பிரித்தறிவது?

சிப்புட் தாதி (கேள்வி):

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதியர் குழுவில் இருக்கிறேன். ஒருவரைப் பற்றி ஆலோசனை வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 56. செம்பனைத் தோட்டத்தில் வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை ஈப்போவில் கீமோ போடுகிறார்கள். 3 சுற்று முடிந்துவிட்டது. இப்போது நாள் முழுக்கப் படுக்கைதான். சாப்பாடு பாதியாகிவிட்டது. எது கேட்டாலும் "ஒன்னுமில்ல மிஸ்ஸி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "கீமோ போட்டா அப்படித்தானே இருக்கும்" என்கிறார் மகன்.

மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்கும் 9 கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9ஐ வாய்மொழியாகக் கேட்டதில் 14 வந்தது. பிரித்தால்: ஆர்வமின்மை 2, மனத்தாழ்வு 1, தூக்கம் 3, களைப்பு 3, பசி 3, குற்ற உணர்வு 0, கவனம் 1, மந்தமான அசைவு 1, கடைசிக் கேள்வி (சாவு, தற்கொலை நினைப்பு) 0. இதில் 11 மதிப்பெண் கீமோவாலேயே வரக்கூடியது. இதை மனச்சோர்வு என்று எழுதலாமா? மனநல கிளினிக்கில் தேதி கிடைக்கும்வரை, 40 நிமிட வருகையில் ஒரு தாதி உருப்படியாக என்ன செய்ய முடியும்? இன்னொன்று, அந்த வீட்டில் "கேன்சர்" என்ற சொல்லையே அவர் முன் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

---

நாள்சிகிச்சை அக்கா:

தங்கச்சி, 14ஐத் தள்ளிவிடாதே. முதல் இரண்டு கேள்வி மட்டும் சேர்ந்து 3 வருகிறது பார். அந்த இரண்டையும் தனியாக எடுத்தால் 3தான் வெட்டுப்புள்ளி. உடல் அறிகுறிகளை ஒதுக்கினாலும் அவர் மேலே பார்க்கவேண்டியவர்தான். மொத்தக் கணக்கிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கட்டம். ஆனால் மதிப்பெண் என்பது யாரை மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்று பிரித்தெடுக்க மட்டும். நோய் இன்னது என்று சொல்வது மருத்துவர் நேரில் பேசிப் பார்த்த பிறகு. அதனால் "மனச்சோர்வு" என்று எழுதாமல், "மனச்சோர்வுக்கான முதற்கட்டச் சோதனையில் 14, மதிப்பீடு தேவை" என்று எழுது.

உடல் அறிகுறிகள் குழப்பும்போது அவற்றின் இடத்தில் வேறு நான்கைப் பார்ப்பது புற்றுநோய்த் தாதியரிடையே பழைய வழக்கம். முகம் வாடி, அடிக்கடி கண் கலங்குகிறதா? பேச்சும் பழக்கமும் குறைந்து ஒதுங்கிவிட்டாரா? தன்னை நினைத்தே நொந்து, எதிலும் நம்பிக்கை இழந்து பேசுகிறாரா? நல்ல செய்தி வந்தாலும், பிடித்தவர் வந்தாலும் முகம் மலராமலே இருக்கிறதா? இந்த நாலாவதுதான் என் கணக்கில் மிகவும் நம்பத்தக்கது. கீமோ களைப்பில் இருப்பவர் பேரப்பிள்ளை வந்ததும் படுத்தபடியே சிரிப்பார். ஆசை இருக்கும், தெம்பு இருக்காது. மனச்சோர்வில் ஆசையே வற்றிவிடும்.

கேட்கும் விதமும் முக்கியம். "கவலையா இருக்கீங்களா?" என்றால் "இல்ல" என்றுதான் வரும். இப்படிக் கேட்டுப் பார்: "உடம்புக்கு முடியுதா இல்லையாங்கிறது வேற. பேரன் பக்கத்துல வந்து உக்காந்தா மனசுக்கு எப்படிம்மா இருக்கு?" "காலைல கண் முழிச்சதும் முதல்ல என்ன நினைப்பு வருது?" "எதுக்கு இருக்கோம்னு தோணுதா?" நம் பெண்கள் மனசு சரியில்லை என்று நேராகச் சொல்வது குறைவு. நெஞ்சு அடைக்குது, தலை கனமா இருக்கு, ஒன்னும் பிடிக்கல, வெறுத்துப்போச்சு என்றுதான் வரும். அதையெல்லாம் அவர் சொன்ன அதே சொல்லில் குறிப்பேட்டில் எழுது.

நாளும் பார்க்கவேண்டும். 21 நாள் சுற்றில் முதல் 3, 4 நாள் குமட்டலும் ஸ்டீராய்டு வேகமும். ஸ்டீராய்டை நிறுத்தியதும் 4 முதல் 6ஆம் நாள் வரை ஒரு சரிவு. 7 முதல் 14 வரை வெள்ளணு குறையும் காலம். மூன்றாவது வாரத்தில்தான் உடம்பு ஓரளவு தேறும். 5ஆம் நாளில் கேட்டால் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும். அடுத்த கீமோவுக்கு 2, 3 நாள் முன்னால், ஒவ்வொரு சுற்றிலும் அதே கட்டத்தில் கேள். அப்போதுதான் போன முறையோடு ஒப்பிடமுடியும். மூன்றாவது வாரத்திலும் எழும்பாமல் கிடந்தால் அதைக் கீமோவின் தலையில் கட்டாதே.

மகன் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்குத்தான் முழு அளவிலான மனச்சோர்வு நோய் காணப்படுகிறது. மற்ற 5 பேருக்கும் துக்கம் உண்டு, பயம் உண்டு, ஆனால் இந்த நோய் இல்லை. ஆகவே "எல்லாருக்கும் அப்படித்தான்" என்பது சரியில்லை. இது தனி நோய். இதற்கு மருத்துவம் இருக்கிறது.

---

மருந்தகத் தம்பி:

மனநல கிளினிக்குக்குக் கடிதம் எழுதும் முன், மனச்சோர்வு போலவே தோன்றும் வேறு காரணங்களைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் நோயாளிக்கு ஆபத்து.

முதலில் மந்தமான மனக்குழப்பம். அமைதியாகப் படுத்திருப்பார், பேசமாட்டார், வீட்டார் "சோகமா இருக்காங்க" என்பார்கள். வேறுபாடு என்னவென்றால் இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், கவனம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி வார நாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது ஆகும். நடுவில் தொலைந்துபோனால் அன்றே மருத்துவர் பார்க்கவேண்டும். கிருமித் தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மார்ஃபின் அளவு கூடியது, எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் கீமோ நோயாளிக்குக் காத்திருக்கும் பேச்சே இல்லை, நேரே அவசரப் பிரிவு.

அடுத்து இரத்தப் பரிசோதனை. முழு இரத்த எண்ணிக்கை, சோடியம், அல்புமினோடு கால்சியம், டிஎஸ்எச் (தைராய்டுக்கான சோதனை). கால்சியம் ஏறினால் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் எல்லாம் சேர்ந்து வரும். எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயில் இதை மறக்கவே கூடாது. ஸ்டீராய்டு நாட்களில் இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நன்றாக ஏறும், அதனாலும் அசதியாகக் கிடப்பார்கள். விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வீட்டிலேயே முடியும்.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். டெக்சாமெத்தசோன் (கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு) இரண்டு வேளை கொடுத்திருந்தால் இரண்டாவது வேளையை ராத்திரி போடுகிறார்களா என்று கேளுங்கள். காலை 8, பிற்பகல் 2 என்று மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டால், பல நேரம் தூக்கம் அதிலேயே சரியாகும். மேக்சலோன் (குமட்டல் மாத்திரை) தொடர்ந்து போட்டால் சிலருக்கு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, கால் துடிக்கும். அதைப் பதற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். மருந்தை மாற்றினால் போய்விடும்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் தாதி கவனிக்கவேண்டியது சில உண்டு. இவருக்குப் பின்னால் மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் தடுப்பு மாத்திரை தமோக்சிஃபன் வரலாம். பராக்சட்டீனும் ஃபுளுவோக்சட்டீனும் தமோக்சிஃபனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. ஆகவே அந்த இரண்டும் வேண்டாம். எசிட்டலோபிராம், வென்லாஃபாக்சின் போன்றவற்றில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. பசியும் தூக்கமும் போனவருக்கு இரவில் மிர்டசபீன் 7.5 அல்லது 15 மில்லிகிராம் பொருந்தும், குமட்டலையும் தணிக்கும். அரிதாக வெள்ளணு குறைக்கும் என்பதால் கீமோ நோயாளியிடம் இரத்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். வலிக்கு டிராமடோல் போடுபவரிடம் எஸ்எஸ்ஆர்ஐ வகை (எசிட்டலோபிராம், ஃபுளுவோக்சட்டீன் போன்றவை) சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, பதைப்பு, வயிற்றுப்போக்கு வருகிறதா என்று பாருங்கள். தட்டணு குறைவாக இருக்கும்போது அதே வகை இரத்தக்கசிவையும் கூட்டும். வயதானவர்களுக்கு முதல் சில வாரங்களில் சோடியம் இறங்கலாம்.

வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லவேண்டியது: முதல் வாரம் குமட்டலும் தலைக்கனமும் வரலாம், பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம் ஆகும். பழக்கமாகிவிடும் மருந்தில்லை. தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரவேண்டும், திடீரென நிறுத்தக்கூடாது. பத்தாம் நாளில் "ஒன்னும் கேட்கல" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது. ஆகவே 10ஆம் நாளில் ஒரு போன் போடுங்கள்.

---

வீட்டுப் பராமரிப்புத் தாதி:

தாதி என்ன செய்யமுடியும் என்ற கேள்விக்கு வருகிறேன். நிறையச் செய்யமுடியும். ஆறுதல் சொல்வதை நான் இதில் சேர்க்கவில்லை. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும், சாமி இருக்கு" என்று சொன்னதும் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். நாம் கேட்கத் தயாராக இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது.

2014இல் லான்செட் இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வை நம் தாதியர் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். புற்றுநோயோடு முழு மனச்சோர்வும் உள்ள 500 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குப் பயிற்சி பெற்ற புற்றுநோய்த் தாதியர் 4 மாதத்தில் 10 முறை வரை உட்கார்ந்து பேசினார்கள். நோயை விளக்குவது, செயலைத் தூண்டுவது, சிக்கலைத் தீர்க்கப் பழக்குவது, மாத்திரையைத் தொடரவைப்பது, மனநல மருத்துவரின் மேற்பார்வை. 24ஆம் வாரத்தில் மனச்சோர்வின் அளவு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் தாதியர் குழுவில் 62 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 17 விழுக்காடு. அந்தத் தாதியர் கையில் இருந்தது அட்டவணையும் தொடர்ச்சியும்தான்.

உங்கள் 40 நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்.

முதல் 10 நிமிடம் உடம்பு. வலி 10க்கு எத்தனை? 4க்கு மேல் என்றால் அதை முதலில் அடக்கவேண்டும். வலியோடு இருப்பவரிடம் மனத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மலம் போய் எத்தனை நாள்? டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். "சாப்பிடல" என்பதை உடைத்துக் கேளுங்கள்: பசியே இல்லையா, வாய் எரியுதா, எல்லாம் இரும்பு மாதிரி ருசிக்குதா, குமட்டுதா, சாப்பிட்டு என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா? கடைசி ஒன்றுதான் மனச்சோர்வின் பக்கம். வாய்ப்புண் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சோடா உப்பு கலந்து, ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அன்றன்று புதிதாகக் கலக்கவேண்டும்.

அடுத்த 10 நிமிடம் அவருக்கு. தனியாக. தோட்டத்து வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் டிவி. தனிமை வேண்டுமென்று கேட்டால் சந்தேகம் வரும். அறுவைக் காயத்தைப் பார்க்கும் நேரத்தில் கதவைச் சாத்துவது யாருக்கும் வித்தியாசமாகப் படாது, அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக உட்காருங்கள், நிற்காதீர்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் அழுதால் டிஷ்யூவை உடனே நீட்டாதீர்கள், பல பேருக்கு அது "போதும், நிறுத்து" என்று படும். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: "பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கோம்னு நினைக்கிறீங்க." அவ்வளவு போதும், மேலே அவரே பேசுவார்.

அடுத்த 15 நிமிடம்தான் வேலை நடக்கும் இடம். மனச்சோர்வில் இருப்பவர் "மனசு வந்தா எழும்புவேன்" என்று காத்திருப்பார். மனசு வராது. முதலில் சின்னதாக ஒன்றைச் செய்யவேண்டும், மனசு பின்னால் வரும். நோய்க்கு முன்னால் அவர் நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம்) முன் எழுந்து விளக்கேற்றினாரா, கீரை ஆய்ந்தாரா, மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டுக் கேட்டாரா, பள்ளிக்குப் போகும் பேத்திக்குத் தலை பின்னிவிட்டாரா. அதில் ஒன்றை எடுத்துப் பாதியாக்குங்கள், அப்புறம் அதையும் பாதியாக்குங்கள். "தினமும் நடக்கணும்" என்பது செயல் இல்லை. "நாளைக்கும் மறுநாளும், வெயில் ஏறுமுன் 7 மணிக்கு, மகளோடு, வாசலில் இருந்து பைப் வரை போய்த் திரும்புவது" என்பதுதான் செயல். நாள், நேரம், அளவு, துணை நான்கும் இருக்கவேண்டும். அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, செய்தால் வட்டம் போடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவரும் போடுவார். செய்வதற்கு முன் மனசு 10க்கு எவ்வளவு, செய்தபின் எவ்வளவு என்று இரண்டு எண் கேளுங்கள். 2 இருந்தது 3 ஆனாலும் அதை அவருக்கே காட்டுங்கள்.

இதில் எங்கே தவறுகிறது? செயல் பெரிதாகிவிடுவது முதல் காரணம். சுற்றின் 4 முதல் 6ஆம் நாளில் தொடங்கிவைப்பது அடுத்தது. தொடங்குவதை மூன்றாவது வாரத்துக்கு வையுங்கள். வெள்ளணு குறையும் நாளில் செடிக்கு நீர் ஊற்றலாம், மண்ணைக் கிளறக்கூடாது. கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் கூட்டமில்லாத நேரத்தில் முகக்கவரியோடு போகட்டும். மூன்றாவது காரணத்தில் அன்பும் கலந்திருக்கிறது: "நீ ஒன்னும் செய்யவேணாம், படு" என்று வீட்டார் அவர் கையில் இருந்த எல்லா வேலையையும் பிடுங்கிவிடுகிறார்கள். சமையலறையையே 30 வருடம் ஆண்டவருக்கு அது பெரிய இழப்பு. உட்கார்ந்தபடி வெங்காயம் உரிக்கட்டும், சாம்பாரில் உப்புப் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசி 5 நிமிடம் எழுதுவதற்கும் அடுத்த தேதி சொல்வதற்கும். "அப்புறம் வரேன்" என்று சொல்லாதீர்கள். "வர்ற செவ்வாய் 10 மணிக்கு வரேன்" என்று சொல்லி, அன்றைக்கே போங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை. வரமுடியாத வாரம் போன்.

---

தோட்டத்து எச்.ஏ.:

நான் தோட்ட கிளினிக்கில் மருத்துவ உதவியாளர் (எச்.ஏ.). அந்தப் பக்கம் இருந்து சில விஷயம் சேர்க்கிறேன்.

முடி கொட்டுவதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். முதல் கீமோ முடிந்து 2, 3 வாரத்தில் கொத்துக் கொத்தாக வரும். முன்கூட்டியே சொல்லி, கொட்டுமுன் கட்டையாக வெட்டிக்கொள்ள வழி செய்தால் அதிர்ச்சி குறையும். துண்டு, தொப்பி, மஃப்ளா எதுவானாலும் அவர் விருப்பம். கல்யாணம், கருமாதி என்று எதற்கும் வெளியே வராமல் போவது பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது.

வருகிறவர்கள் வாயைக் கட்டுங்கள். "எங்க பெரியம்மாவுக்கும் இதான், ஆறு மாசத்துல போய்ட்டாங்க" என்று பாயில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒவ்வொரு லயத்திலும் (தோட்டக் குடியிருப்பு வரிசை) உண்டு. செய்வினை, பூர்வ ஜென்ம பாவம் என்று சொல்கிறவர்களும் உண்டு. வருகையை மாலை 5 முதல் 6 என்று குறுக்கி, யாரைப் பார்க்க விருப்பம் என்று நோயாளியைக் கேட்டு நடத்தச் சொல்லுங்கள். சாமியாடியிடம் போகாதே என்று தடுக்கவேண்டாம், சண்டைதான் வரும். கீமோவை நிறுத்தாதே, வேர் கஷாயம் எதையும் மருத்துவரிடம் காட்டாமல் குடிக்காதே, இந்த இரண்டை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

ஆண் நோயாளி என்றால் சம்சு (மலிவுச் சாராயம்) பற்றிக் கட்டாயம் கேட்கவேண்டும். ராத்திரி தூக்கத்துக்கு என்று தொடங்கும், மனத்தை இன்னும் கீழே இறக்கும். நாள்தோறும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதை மருத்துவர் பார்வையில்தான் செய்யவேண்டும்.

கேன்சர் என்று சொல்லவேண்டாம் என்கிற வீட்டில், முதலில் மகனைத் தனியாக உட்காரவைத்து எல்லாம் பேசி முடிவெடுத்துவிட்டு அம்மாவிடம் போவது நல்லது என்பது என் கருத்து.

---

வீட்டுப் பராமரிப்புத் தாதி:

அண்ணே, கடைசி விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். மகனிடம் பேசவேண்டும், ஆனால் முடிவு அங்கே எடுக்கக்கூடாது. நோய் அம்மாவுடையது. மகனிடம் மூன்று விஷயம் போதும். எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்பது. பெரும்பாலும் "தெரிஞ்சா உடைஞ்சுபோவாங்க" என்பார். அந்தப் பயத்தை மதிப்பது. பிறகு, "நானா எதையும் போட்டு உடைக்கமாட்டேன். ஆனா அம்மாவே கேட்டா பொய் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

அம்மாவிடம்: "உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்கம்மா? நீங்க என்ன நினைக்கிறீங்க? இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல பிள்ளைங்க பாத்துக்கட்டுமா?" மார்பை எடுத்து, முடி கொட்டி, கீமோ அறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து வந்தவருக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். தனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் மறைத்து நடித்தால் அந்தத் தனிமையே மனச்சோர்வை வளர்க்கும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதிக்கவேண்டும்.

---

சிப்புட் தாதி:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. கடைசிக் கேள்விக்கு 0 சொன்னார், ஆனால் பேச்சுக்கு நடுவில் "சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா தேவல" என்றார். மேலே கேட்கலாமா? கேட்டால் நாமே நினைப்பைத் தூண்டியதாக ஆகாதா? போலீஸ் கேஸ் ஆகும் என்று வீட்டாரும் பயப்படுகிறார்கள்.

---

நாள்சிகிச்சை அக்கா:

கேட்கவேண்டும். கேட்பதால் நினைப்பு உண்டாவதில்லை, கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. படிப்படியாகப் போ. "சாமி கூப்பிட்டா தேவலன்னு சொன்னீங்க. நீங்களே உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதாம்மா?" வருகிறது என்றால்: எவ்வளவு அடிக்கடி, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கு ஏதாவது எடுத்துவைத்திருக்கிறீர்களா, இதுவரை எது தடுத்தது. போதும் இந்த வாழ்க்கை என்று சலிப்பது வேறு, திட்டம் வேறு. சலிப்பு மட்டும் என்றால் அன்றே மருத்துவருக்குத் தெரிவித்து, 2, 3 நாளுக்குள் மறுபடி போய்ப் பார். திட்டமும் வழியும் இருந்தால் தனியாக விடாதே. யாராவது ஒருவர் கூடவே இருக்க, அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகவேண்டும், வண்டியில்லை என்றால் 999. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டால் அந்த வாக்கை மட்டும் கொடுக்காதே.

போலீஸ் பயத்துக்குப் பதில்: தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. வீட்டாரிடம் இதைத் தெளிவாகச் சொல். ராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555.

---

தோட்டத்து எச்.ஏ.:

வீட்டைப் பாதுகாப்பாக்குவதும் அன்றைக்கே. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை, ஆனால் பழைய போத்தல்களும் வேறு களைக்கொல்லிகளும் கொட்டகையில் இருக்கும். அவற்றை வீட்டைவிட்டே அப்புறப்படுத்தி, தோட்ட ஸ்டோரில் பூட்டச் சொல்லுங்கள். மார்ஃபின், தூக்க மாத்திரை, அமிட்ரிப்டிலின் எல்லாம் ஒருவர் பொறுப்பில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். மருந்தகத்தில் கேட்டால் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பார்கள்.

---

மருத்துவ சமூகப்பணி:

மனத்தைப் பற்றியே பேசுகிறோம், வயிற்றையும் பாருங்கள். தோட்டத்து நோயாளியிடம் "ராத்திரி எது தூங்கவிடல?" என்று கேட்டால் பாதிப்பேர் நோயைச் சொல்வதில்லை. "வேலை போனா வீடு போயிடும்" என்பார்கள், குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஈப்போவுக்குப் போகவர ஏறக்குறைய 60 கிலோமீட்டர், கூடப் போகும் மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். இதற்கு மாத்திரை இல்லை, ஆனால் தீர்வு உண்டு.

ஒரு சமயத்தில் ஒரு சிக்கலை மட்டும் எடுங்கள். எழுதுங்கள், வழிகளை அடுக்குங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், யார் எப்போது செய்வது என்று குறியுங்கள். வேலைச் சட்டப்படி சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரை உண்டு. எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எல்லாவற்றையும் நகலெடுத்து நிர்வாகத்திடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கவேண்டும், இதில் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர் உதவுவார். பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர், 60 வயதுக்குட்பட்டவர், நோயால் நிரந்தரமாக வேலை செய்யமுடியாத நிலை என்றால் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். கேடபிள்யூஎஸ்பியில் (ஊழியர் சேமநிதி) மருத்துவச் செலவுக்கான மீட்பும் உண்டு. மருத்துவமனையிலேயே எங்கள் பிரிவு இருக்கிறது. தாதி ஒரு வரி பரிந்துரை எழுதினால் போதும், நோயாளி அலையவேண்டியதில்லை.

மகனோ மகளோ, வீட்டில் பார்த்துக்கொள்கிறவரையும் கவனியுங்கள். அவரிடமும் பிஎச்க்யூ-9இன் அதே முதல் இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

---

சிப்புட் தாதி:

ஈப்போவுக்கு எழுதும் குறிப்பு எப்படி இருந்தால் உடனே கவனிப்பார்கள்?

---

வீட்டுப் பராமரிப்புத் தாதி:

"நோயாளி சோகமாக இருக்கிறார்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமுடியாது. எண்ணும் நாளும் வேண்டும். இந்த மாதிரி:

"56 வயதுப் பெண், மார்பகப் புற்றுநோய், கீமோ 3 முடிந்து 18ஆம் நாள். பிஎச்க்யூ-9: 14, முதல் இரண்டு கேள்வி 3, கடைசிக் கேள்வி 0. ஆனால் சாவை விரும்பும் பேச்சு உண்டு, திட்டம் இல்லை, கேட்டு உறுதி செய்யப்பட்டது. மூன்றாவது வாரத்திலும் படுக்கை. பேரன் வந்தாலும் முகம் மலரவில்லை. வார நாட்களைப் பின்னோக்கிச் சரியாகச் சொன்னார். காய்ச்சல் இல்லை. வலி 3. வாய்ப்புண் இல்லை. டெக்சாமெத்தசோன் இரண்டாவது வேளை இரவில் எடுத்திருக்கிறார். வேண்டுவது: கால்சியம், சோடியம், டிஎஸ்எச், முழு இரத்த எண்ணிக்கை, ஸ்டீராய்டு நேர மாற்றம், அடுத்த கீமோ நாளிலேயே மனநல மதிப்பீடு, சமூகப்பணிப் பிரிவு. வீட்டில் செயல் அட்டவணை தொடங்கப்பட்டது. அடுத்த வருகை செவ்வாய்."

திட்டம் இல்லை என்பதை நீங்கள் நேரில் கேட்ட பிறகு மட்டும் எழுதுங்கள். மற்ற விவரமும் அப்படியே, நீங்கள் பார்த்ததைப் போட்டு நிரப்புங்கள். "அடுத்த கீமோ நாளிலேயே" என்பதை விடாதீர்கள், இன்னொரு நாள் ஈப்போ பயணம் என்றால் அவர்கள் போகமாட்டார்கள். கடிதத்தை நோயாளி கையில் மட்டும் கொடுக்காமல் நாள்சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்பி, மறுநாள் போன் போட்டுக் கிடைத்ததா என்று கேளுங்கள். மாத்திரை தொடங்கினால் 4 வாரத்தில் மறுபடி பிஎச்க்யூ-9. அப்போதும் பெரிதாக இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டவோ மாற்றவோ மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.